தென்புலத்தாரும் சிறுவரும்: பூநகரி இல்லங்களின் நீத்தார் நாள்கள்

ஒக்டோபர் மாதம் 31ஆம் நாள் மாலை மங்கும் வேளையில், கனடா நாட்டின் ரொறன்ரோ நகரத் தெருக்களிலே சிறுவர்கள் கூட்டங் கூட்டமாக வெளிக்கிளம்புவர். பேயாகவும் எலும்புக்கூடாகவும் சூனியக்காரியாகவும் வேடமிட்டு, வீடு வீடாகச் சென்று இனிப்புக் கேட்பர். வாயிலிலே முகம் குடையப்பெற்ற பூசணிக்காயினுள் விளக்கு எரியும். 1983ஆம் ஆண்டின் பின்னர் ஈழத்திலிருந்து பெயர்ந்து சென்ற தமிழர்தம் இல்லங்களிலும் இன்று இவ்விழா இடம்பெறுகின்றது. நடக்கப் பழகிய குழந்தைக்குக்கூட வெள்ளைத்துணி போர்த்துப் பேயாக்கி மகிழும் தாய்மார் உளர். ஊரிலுள்ள பேரனும் பேர்த்தியும் நல்ல நாளிற் பிள்ளைக்குப் பேய்வேடமா என்று முகஞ் சுளிப்பது இயல்பே. ஆயினும், ஹலோவீன் எனப்படும் இவ்விழாவின் வரலாற்றைச் சற்று ஆராயின், அது பூநகரி போன்றதொரு பழைய ஊரின் இல்லங்களில் நெடுங்காலம் நடந்துவந்த ஒன்றிலிருந்து வெகுதூரத்தில் இல்லையென்பது புலனாகும். இறந்தோர்க்குரிய நாள் எவ்வாறு சிறுவர்க்குரிய நாளாயிற்று என்பதே இரண்டிடத்தும் எழும் வினாவாகும்.

ஹலோவீன் என்ற பெயர் ‘சகல புனிதர் நாளின் முன்னிரவு’ என்னும் பொருளுடையது. எட்டாம் நூற்றாண்டில் பாப்பரசர் மூன்றாம் கிரகரி, றோமாபுரியிலுள்ள புனித பேதுரு பேராலயத்திலே சகல புனிதர்க்கும் ஒரு சிற்றாலயத்தை அர்ப்பணித்தார். ஒன்பதாம் நூற்றாண்டில் நான்காம் கிரகரியின் காலத்திலே நவம்பர் 1ஆம் நாள் சகல புனிதர் நாளாக மேற்கு ஐரோப்பாவிற் பரவியது. புனிதர் எனப் பெயர் பெறாத ஏனைய இறந்தோரின் நிலை யாது என்ற வினா அடுத்து எழுந்தது. பிரான்சு நாட்டிலே குளூனி மடத்தின் தலைவராயிருந்த ஓடிலோ, பதினோராம் நூற்றாண்டின் தொடக்கத்தையொட்டி, நவம்பர் 2ஆம் நாளை மரித்த விசுவாசிகள் அனைவருக்குமான மன்றாட்டு நாளாக வகுத்தார். பெயரும் நாளும் மறக்கப்பட்டோர்க்கும், தமக்கென வேண்டுதல் செய்ய எவரும் இல்லாதோர்க்கும் உரிய பொதுநாள் ஒன்று இவ்வாறு தோன்றியது. இது பின்னரும் நினைவிற் கொள்ளத்தக்கது.

ஹலோவீனைக் கிறித்தவத்திற்கு முற்பட்ட அயர்லாந்து மக்களின் ‘சவின்’ விழாவின் நேரடி எச்சமெனக் கூறுவது வழக்கம். சவின், கோடை முடிந்து மாரி தொடங்கும் நாள். மேய்ச்சலுக்குப் போன மாடுகள் பட்டிக்குத் திரும்பும் நாள். அந்நாள் பழமையானது என்பதில் ஐயமில்லை. எனினும், அது தொடக்கத்திலேயே இறந்தோர்க்குரிய விழாவாக இருந்ததென்பதற்குச் சான்று மிகக் குறைவென்று றொனால்ட் ஹட்டன் என்ற ஆங்கிலேய வரலாற்றாசிரியர் 1996இல் வெளிவந்த தமது நூலில் எடுத்துக்காட்டினார். இறந்தோர் பற்றிய எண்ணம் திருச்சபையின் பொதுநாளிலிருந்தே அவ்விரவிற்குப் பெருமளவில் வந்து சேர்ந்தது என்பது அவர் கருத்து. எவ்விழாவையும் ஐயாயிரம் ஆண்டுப் பழமைக்கு இழுத்துச் செல்லும் ஆவல் நம்மவரிடத்தும் மிகுதி என்பதால், இவ்வெச்சரிக்கை நமக்கும் பயன்படும்.

சிறுவர் இதனுட் புகுந்த வழி சுவையானது. இங்கிலாந்திலே நவம்பர் முதல் நாள்களில் ஏழைகளும் பிள்ளைகளும் வீடு வீடாகச் சென்று, அவ்வீட்டில் இறந்தோர்க்காகச் செபிப்பதாகக் கூறி, அதற்கென்றே சுடப்பட்ட சிறு பணியாரங்களைப் பெற்றனர். இறந்தவரின் பங்கு பிள்ளையின் வாய்க்குச் சென்றது. ஸ்கொத்லாந்துக் கவிஞர் றொபேட் பேண்ஸ் 1785இல் ஹலோவீனைப் பற்றி எழுதிய நெடும்பாடலில் வருவோரோ குழந்தைகள் அல்லர். தமக்கு வாய்க்கும் துணை யாரெனக் கொட்டைகளைத் தணலிலிட்டுக் குறிபார்க்கும் இளைஞரும் கன்னியருமே. 1845இல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சம் அயர்லாந்து மக்களை இலட்சக்கணக்கில் அமெரிக்காவுக்குத் துரத்தியது. ஊரிலே அவர்கள் விளக்கு வைப்பதற்குக் குடைந்தது கோசுக்கிழங்கு. புதிய நாட்டிலே பெரிதாகவும் குடைவதற்கு இலகுவாகவும் கிடைத்த பூசணி அதன் இடத்தைப் பிடித்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்நகர்களில் அவ்விரவு விடலைகளின் குறும்பு இரவாகி, வேலி பிடுங்குதலும் சாளரம் உடைத்தலுமாக எல்லை மீறிற்று. வீட்டுக்காரர் இனிப்புக் கொடுத்துச் சமாதானம் வாங்கினர். 1920களிலும் 1930களிலும் வட அமெரிக்காவிலே பரவிய இவ்வழக்கமே இன்று உலகம் அறிந்த ஹலோவீன். கிழங்கும் பணியாரமும் போயின, மன்றாட்டும் போயிற்று, விளக்கும் இனிப்பும் வேடமும் நின்றன. குழந்தை எதனைக் கையிற் பிடிக்கக்கூடுமோ அதுவே நின்றது.

இதே திருச்சபையின் இதே நவம்பர் நாள்கள் பூநகரிக்கும் வந்தன. ஆனால், வேறு வழியால் வந்தன. 1619இல் யாழ்ப்பாண இராச்சியத்தைக் கைப்பற்றிய போர்த்துக்கேயர் பூநகரியிலே கோட்டை அமைத்தனர். பின்வந்த ஒல்லாந்தர் அதனைத் திருத்திப் பேணினர். 1658இன் பின்னர் ஒல்லாந்தர் ஆட்சியில் கத்தோலிக்க வழிபாடு தடைசெய்யப்பட்டது. 1687இல் யாழ்ப்பாணத்தை வந்தடைந்த யோசே வாஸ் அடிகளார் மாறுவேடத்தில் நடமாடி, இரவு வேளைகளில் இல்லங்களிலேயே பூசை நிகழ்த்தினார். ஆலயமும் குருவும் இல்லாத காலத்திற் சமயத்தைக் காத்தது வீடு. இன்று பூநகரியின் மேற்குக் கரையோரத்து மீனவக் கிராமங்களிலே நவம்பர் 2ஆம் நாள் கல்லறைகளைத் துப்புரவு செய்து மெழுகுதிரி ஏற்றுவது அத்தொடர்ச்சியின் ஒரு கண்ணி. ஆயினும், அந்நாளோடு சிறுவர் இரவொன்று இங்கு ஒட்டிக்கொள்ளவில்லை. போர்த்துக்கல்லிலே பிள்ளைகள் சகல புனிதர் நாட் காலையில் வீடு வீடாகச் சென்று அப்பம் கேட்கும் வழக்கம் உண்டு; அதுவும் இங்கு வேரூன்றவில்லை. காரணம் வெளிப்படை. அவ்விடம் முன்னரே நிரம்பியிருந்தது. பூநகரிப் பிள்ளைகளுக்கு நீத்தாரோடு தொடர்புடைய நாள்கள் வேறு இருந்தன.

பூநகரி, யாழ்ப்பாணக் கடனீரேரியின் தென்கரையில், வன்னிப் பெருநிலத்தின் வடமேற்கு முனையில் அமைந்தது. மணலும் பனையும் மானாவாரி வயலும் கொண்ட நிலம். மொட்டைக்கறுப்பன் நெல்லுக்குப் பெயர்பெற்றது. இங்கு நிகழ்ந்த கள ஆய்வுகளின் பேறாகப் பேராசிரியர் ப. புஷ்பரட்ணம் எழுதிய ‘பூநகரி - தொல்பொருளாய்வு’ 1993இல் வெளிவந்தது. பெருங்கற்காலப் பண்பாட்டுக்குரிய கறுப்பு - சிவப்பு மட்பாண்டங்கள் இப்பகுதியிற் பல இடங்களிற் கிடைத்தமையை அந்நூல் விரித்துரைத்தது. அப்பண்பாட்டு மக்கள் இறந்தோரைப் பாண்டங்களோடு அடக்கஞ் செய்தமைக்குக் கடனீரேரியின் மறுகரையிலுள்ள ஆனைக்கோட்டையில் 1980இல் அகழப்பட்ட ஈமக்குழி சான்றாகும். இறந்தவருக்கும் பாண்டம் வேண்டும். உண்பவர் என்றே அவர் கருதப்பட்டார் போலும். புறநானூற்றின் 232ஆம் பாடலில், அதியமானின் நடுகல்லுக்குச் சிறு கலத்தில் வார்க்கப்படும் கள்ளை அவன் ஏற்பானோ என ஔவையார் கலங்குகின்றார். அத்தொகையின் 9ஆம் பாடலோ, தென்புலத்து வாழ்வோர்க்குக் கடன் செய்யும் புதல்வரைப் பெறாதவரும் போர்க்களத்தை விட்டு அரண் சேர்க என அறிவிக்கும் பாண்டியனின் அறத்தைப் புகழ்கின்றது. பிள்ளை என்பவன் மூத்தோர்க்குச் சோறிடுபவன் என்ற எண்ணம் அங்கே தெளிவாக உளது. திருவள்ளுவரும் இல்வாழ்வான் ஓம்பவேண்டிய ஐவகையினருள் தென்புலத்தாரையே முதலில் வைத்தார். இவை கொண்டு, இன்றைய கூழும் கொழுக்கட்டையும் சங்ககாலத்தன என முடிவுகட்டுதல் பொருந்தாது. நீத்தாரை வீட்டார் உணவால் நினைத்தனர் என்பதே இச்சான்றுகள் தரும் செய்தி.

அந்நினைவு பிள்ளைகளின் கையில் மிக இனிதாக வந்து சேர்ந்த நாள் ஆடிப்பிறப்பு. யூலை நடுப்பகுதியில் வரும் ஆடி முதல் நாள், கதிரவனின் தென்திசைப் பயணமாகிய தட்சணாயனத்தின் தொடக்கம். தேவர்களின் இராப்பொழுது அன்று தொடங்குவதாகச் சொல்வர். தென்திசை தென்புலத்தாருடையது. ஆதலின் பிதிர்கடனுக்கு அந்நாள் உகந்ததாயிற்று. ஆனால் வீட்டிலே பிள்ளை அறிந்த ஆடிப்பிறப்பு தட்சணாயனம் அன்று, ஆடிக்கூழ். வறுத்த பயறும் அரிசிமாவும் தேங்காய்ப்பாலும் பனங்கட்டியும் சேரக் காய்ச்சி, தேங்காய்ச் சொட்டுகள் மிதக்க இறக்கிய கூழை, பலாவிலையைக் கோலிக் குடித்த சுகமே அந்நாளின் பொருளாக அதற்கு விளங்கிற்று. கூடவே பயறும் தேங்காய்ப்பூவும் சர்க்கரையும் உள்ளே வைத்த கொழுக்கட்டை. விளக்கின் முன் படைக்கப்படும் வரை தொடக்கூடாது என்ற தடையும், படைத்தபின் முதற் பங்கு எவருக்கென்ற போட்டியும், நீத்தார் பற்றி அப்பிள்ளை பெற்ற முதற் பாடங்கள் எனலாம். நவாலியூர் சோமசுந்தரப் புலவர் (மறைவு 1953) ஆடிப்பிறப்பைப் பாடிய சிறுவர் பாடல் ஈழத்துத் தமிழ்ப் பிள்ளைகள் பெரும்பாலோர்க்கு மனனமானது. பாடசாலைக்கு விடுமுறை கிடைக்கும் மகிழ்ச்சியிலே அது தொடங்குகின்றது. அன்று விடுமுறை விட்ட வழக்கம் பின்னர் ஒழிந்தது. பாடல் மட்டும் பாடநூலில் நின்றது.

கூழின் சேர்மானத்தை நிலத்தின் கணக்காகவும் படிக்கலாம். பூநகரியில் மானாவாரி நெல் தை, மாசியில் வீட்டுக்கு வரும். கருப்பநீர் இறக்கிப் பனங்கட்டி காய்ச்சும் காலம் ஆடிக்கு முன்னரே முடிந்து, குட்டான்களிற் கட்டிய புதுப் பனங்கட்டி வீட்டில் இருக்கும். வயலோ வறண்டு கிடக்கும். அடுத்த விதைப்புக்குப் புரட்டாதி, ஐப்பசி மழை வரவேண்டும். கையில் தானியம் குறைந்து வேலையும் ஓய்ந்த இடைக்காலத்தில், இருப்பதைக் கொண்டு செய்யத்தக்க விருந்து கூழே. சிறிதளவு அரிசிமாவைப் பெருமளவு நீராற் பெருக்கி, இனிப்பினால் அதனை விழாவாக்கிய பெண்களின் மதிநுட்பத்தை எந்தப் புராணமும் பதிவுசெய்யவில்லை. அயர்லாந்தில் கோசுக்கிழங்கும் அமெரிக்காவிற் பூசணியும் விழாவுக்கு வந்த காரணமும் இதுவே: பருவத்திற் கையில் இருப்பதே படையலுக்கு வரும். தமிழகத்தின் சேலம், நாமக்கல், ஈரோடு, கரூர்ப் பகுதிகளில் இதே ஆடி முதல் நாளில், தேங்காயின் கண்ணைத் துளைத்துப் பயறும் வெல்லமும் எள்ளும் அடைத்து, நீண்ட குச்சியிற் செருகித் தெருவோரத் தீயிற் சுடுகின்றனர். குச்சி பிடிப்போர் பெரும்பாலும் சிறுவரே. பாரதப் போர் ஆடி முதல் நாள் தொடங்கிற்றென அதற்கு ஒரு கதை கூறுவர். இறந்தோர் நினைவு அங்குப் பழங்கதையாகிப் பின்னே சென்றுவிட, தீயும் இனிப்பும் பிள்ளைகளும் முன்னே நிற்றல் காணத்தக்கது.

ஈழத்தில் ஆடிப்பிறப்புக்கு அடுத்து வரும் ஆடி அமாவாசை தந்தையை இழந்தோர் விரதமிருக்கும் நாள். சித்திரைப் பூரணை தாயை இழந்தோர்க்குரியது. இவை பெரியவர்க்குரியன. காத்தோட்டிக்காயின் கசப்பு அமாவாசைச் சமையலில் இடம்பெறுவது, அந்நாளைப் பிள்ளைகள் விரும்பாமைக்கு ஒரு காரணமாகலாம். சித்திரைப் பூரணையிற் கோயிலிற் சித்திரபுத்திரனார் கதை படித்துக் கஞ்சி வார்ப்பர். கஞ்சிக்குப் பிள்ளைகள் வருவர், கதைக்கு அத்துணை வருவதில்லை.

ஹலோவீனுக்குக் காலத்தாலும் தோற்றத்தாலும் மிக அண்மித்தது கார்த்திகை விளக்கீடு. நவம்பர், டிசம்பரில், வடகீழ்ப் பருவமழையின் நடுவே, நிலம் நனைந்து வானம் இருண்டிருக்கும் காலத்தில் அது வரும். கோயிலிலே பனங்குற்றி நட்டு ஓலை கட்டிச் சொக்கப்பனை கொளுத்துவர். வீட்டு விளக்கீட்டில், படலையடியில் வாழைக்குற்றி நாட்டி அதன்மேல் விளக்கேற்றுவர். தடியிற் பழந்துணி சுற்றி எண்ணெயில் தோய்த்த சிறு பந்தங்களைக் கிணற்றடி, மாட்டுக்கொட்டில், வேலி மூலை, எருக்கும்பி என வளவின் இருண்ட இடங்களிலெல்லாம் குத்துவர். பந்தம் சுற்றுவது முதியவர். இருளில் ஓடிக் குத்துவது பிள்ளைகள். பகலிலே தனியே போக அஞ்சும் மூலைக்கு அன்று இரவிலே தீயுடன் போகலாம். பனங்கூடலில் முனி நிற்பதாகவும் கிணற்றடியிற் பேய் இருப்பதாகவும் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு ஆண்டிலொரு நாள் கிடைக்கும் இவ்வதிகாரத்தை அற்பமெனக் கருதலாகாது. ரொறன்ரோப் பிள்ளை பேயாகவே மாறி அச்சத்தை வெல்கின்றது. பூநகரிப் பிள்ளை பேயின் இடத்தில் விளக்கை நட்டு வெல்கின்றது. வேடம் புனைந்த பூசணி மட்டும் நமக்கு முற்றிலும் புதிதென்பதற்கில்லை. தமிழகத்திற் கட்டி முடியாத வீடுகளிலே அரக்க முகம் வரைந்து தொங்கவிடும் நீற்றுப்பூசணியையும், நம் வயல்களில் நிற்கும் வெருளியையும் கண்டோர் அதனை இனங்காண்பர்.

இவ்விழாக்கள் அனைத்துக்கும் வளவு வேண்டும். கிணற்றடியும் படலையும் வேலி மூலையும் உள்ள வீட்டுக்கே விளக்கீடு பொருந்தும். பூநகரி அவ்வீடுகளைப் பலமுறை இழந்தது. 1993 நவம்பரில் பூநகரிப் படைமுகாம் மீது பெருஞ்சமர் நடந்தது. 2008இல் போர் மேற்குக் கரையோரமாக வடக்கே நகர, மக்கள் கிழக்கு நோக்கிப் பெயர்ந்தனர். அவ்வாண்டு நவம்பர் 15ஆம் நாள், கார்த்திகை பிறக்கும் தறுவாயில், அரச படையினர் பூநகரியைக் கைப்பற்றினர். அம்மாதம் பந்தம் குத்துவதற்கு வளவுகளில் எவரும் இருக்கவில்லை. கடலோரத்தார் கதை இன்னும் நீண்டது. பூநகரிப் பிரிவைச் சேர்ந்த இரணைதீவின் மக்கள் 1992இல் தீவை விட்டு நீங்கி, முழங்காவிற் பகுதியில் இரணைமாதா நகரிலே வாழ்ந்தனர். முன்னோரின் கல்லறைகள் கடலுக்கு அப்பால் இருந்தன. 2017 மே மாதம் தொடங்கிய அறப்போராட்டத்தின் பின், 2018 ஏப்ரில் 23ஆம் நாள் அவர்கள் தாமே படகேறித் தீவிற் கால் வைத்துத் தேவாலயத்திலே தங்கினர். இடையில் 26 ஆண்டுகள். 1992இற் கைக்குழந்தையாகத் தீவை விட்டவர், தம் பிள்ளையோடு திரும்பும் வயதை அடைந்திருந்தார்.

வீடு போனபோது எது உடன் சென்றது என்று நோக்குமிடத்து, அயர்லாந்தின் அனுபவமே இங்கும் தென்படுகின்றது. கீரிமலைத் தீர்த்தத்தைச் சுமந்து செல்ல முடியாது, கல்லறையையும் முடியாது. கூழைக் காய்ச்சலாம். இலண்டனிலும் ரொறன்ரோவிலும் தமிழ்க் கடைகளிற் கிடைக்கும் பனங்கட்டியைக் கொண்டு ஆடிக்கூழ் காய்ச்சும் குடும்பங்கள் உண்டு. அங்கே பலாவிலைக்குப் பதில் கோப்பை. இதனைச் சிதைவென்று வருந்துவோர், கோசுக்கிழங்கு பூசணியான வரலாற்றை ஒருமுறை எண்ணிப் பார்த்தல் நன்று.

பூநகரியிலேயே மீளக் குடியமர்ந்தோர்க்கு எழுந்த இடர்ப்பாடு வேறு வகையானது. இறந்தவருக்குத் திதி வேண்டும். எட்டுச் செலவுக்கும் அந்தியேட்டிக்கும் ஆட்டைத் திவசத்துக்கும் நாள் தெரியவேண்டும். 2009இன் முதல் மாதங்களில் இறந்த பலரின் நாள் எவருக்கும் தெரியாது. இத்தகையோர்க்கு மரபு ஒரு வழி வைத்திருந்தது. புரட்டாதியில் வரும் மாளய அமாவாசை, திதி அறியப்படாதோர்க்கும் உரியது. கடன் செய்ய உறவினர் இல்லாதோர்க்கும் அன்று எள்ளும் நீரும் இறைக்கலாம். குளூனி மடத்து ஓடிலோ வகுத்த நவம்பர் 2ஆம் நாளும் அத்தன்மையதே. பெயரில்லாதாரையும் நாளில்லாதாரையும் விட்டுவிடலாகாது என்ற ஒரே கவலை, ஒன்றையொன்று அறியாத இரு சமயங்களில் இரு பொதுநாள்களைத் தோற்றுவித்தது.

ஆனால், காணாமலாக்கப்பட்டோர் இப்பொதுநாளுக்குள்ளும் அடங்கார். சென்றவர் பன்னிரண்டு ஆண்டு திரும்பாவிடின், தருப்பையால் உருச்செய்து தகனஞ் செய்து கடன் முடிக்கலாமென நூல்கள் விதித்தன. கடல் கடந்தும் காசி சென்றும் மீளாதோரை எண்ணி வகுத்த விதி அது. படையினரிடம் ஒப்படைக்கப்பட்டோரை எண்ணி வகுத்ததன்று. ஆடி அமாவாசை தந்தையை இழந்த பிள்ளைக்குரிய விரதம். தந்தை எங்கே என்று தெரியாத பிள்ளை அதனைப் பிடிப்பின் அவரை இறந்தவராக்கியதாகும், விடின் மகன் கடமை தவறியதாகும். ஆடிப்பிறப்பிலோ எவர் பெயரும் கூற வேண்டுவதில்லை. கூழைக் காய்ச்சலாம், பிள்ளைக்கு ஊற்றலாம், விளக்கின் முன் ஒரு பங்கை வைக்கலாம். அது யாருக்கென்று எவரும் கேட்கமாட்டார்.

பூநகரி அடங்கும் கிளிநொச்சி மாவட்டத்திலே, காணாமலாக்கப்பட்டோரின் தாய்மார் 2017 பெப்ரவரி 20ஆம் நாள் கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயில் முன்றலில் தொடர் போராட்டத்தைத் தொடங்கினர். 2009 மே மாதத்திலிருந்து எண்ணும்போது நூல்கள் கூறிய பன்னிரண்டு ஆண்டு 2021இல் நிறைவுற்றது. போராட்டம் அத்துடன் நிற்கவில்லை. 2022 ஓகஸ்ட் மாதத்தில் இரண்டாயிரமாவது நாளை எட்டிற்று.